குவாட்பால் அணியின் உடையும் காப்பும்: எது கெட்டால் என்ன செய்வது

மாயக் கதை ஒன்றில் வானத்தில் நடந்த ஆட்டத்தை 2005-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மிடில்பரி கல்லூரி மாணவர்கள் தரைக்கு இறக்கினார்கள். 2022-ல் அதற்குக் குவாட்பால் என்று பெயர் மாறியது. பறப்பது போய்விட்டது, மோதல் போகவில்லை. கம்பு காலிடையில் இருக்க, ஒரு கையை எதிராளியின் இடுப்பில் வளைத்து அவரைக் கீழே சாய்ப்பது சட்டப்படி சரி. கைப்பந்து, டாட்ஜ்பால், ஓடுகிற மனிதர்கள் என மூன்றும் ஒரே திடலில், ஒரே நேரத்தில் பாய்கின்றன. ஆகவே இந்த ஆட்டத்தில் உடை என்பது அழகுக்காக மட்டும் இல்லை.

அணியின் உடைப்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் நான் மறுபடி மறுபடி சரிசெய்து வரும் கோளாறுகள் இவை. கோளாறு எப்படித் தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத வழி முதலில், செலவு வைக்கும் வழி கடைசியில். நேரம் குறைவாக இருந்தால் பல்லைக் காக்க வாயில் மாட்டும் மவுத் கார்டையும், கண்ணைக் காக்கும் விளையாட்டுக் கண்ணாடியையும் முதலில் பாருங்கள். அந்த இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் வீரரை இறக்காதீர்கள். மற்றவற்றை ஒரு ஆட்டத்துக்குச் சமாளித்துவிடலாம்.

## மவுத் கார்டு வாயில் நிற்கவில்லை

முதலில் ஒரு சோதனை. கார்டை மேல்பற்களில் மாட்டி, நாக்கைக் கீழே தளர்த்தி, வாயை நன்றாகத் திறக்கச் சொல்லுங்கள். உதடோ நாக்கோ தாங்காமல் அது மேலேயே ஒட்டி நின்றால் பொருத்தம் சரி. விழுந்தால், அல்லது வீரர் அதைக் கடித்துக் கடித்து இடத்தில் வைத்திருந்தால், கீழே உள்ளவற்றைப் பாருங்கள். கடித்தபடியே ஓடுகிறவரால் சரியாக மூச்சுவிட முடியாது, சக வீரரைக் கூப்பிடவும் முடியாது. கடைசியில் அவரே அதைக் கழற்றி சாக்ஸில் செருகிக்கொள்வார். குவாட்பாலில் மவுத் கார்டு கட்டாயம் என்பதால், நடுவர் கண்ணில் பட்டால் அதுவும் பிரச்சினை.

வாங்கியதிலிருந்தே தளர்வு. பெரும்பாலும் வெந்நீரில் போட்டு வார்த்ததில் குறை. தண்ணீர் போதிய சூடாக இல்லாமல் இருந்திருக்கும், அல்லது வீரர் வெறுமனே கடித்துவிட்டு எடுத்திருப்பார். பெட்டியில் உள்ள நேரக் கணக்கைப் பார்த்து மறுபடி சூடாக்குங்கள். வகைக்கு வகை அது மாறும். வாயில் வைத்ததும் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்க வேண்டும்: நிதானமாகக் கடிப்பது, உள்ளிருக்கும் காற்றையும் நீரையும் உறிஞ்சி இழுப்பது, கன்னத்துக்கு வெளியிலிருந்து விரலால் ஈறுப் பக்கம் அழுத்துவது. நான் பார்க்கும் தளர்ந்த கார்டுகளில் பெரும்பாலானவற்றில் விட்டுப்போயிருப்பது அந்த மூன்றாவது வேலை. எடுத்துப் பார்த்தால் உட்புறத்தில் ஒவ்வொரு பல்லின் வடிவமும் ஈறின் ஓரமும் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். பல் நுனிகளின் குழி மட்டும் தெரிந்து, பக்கச் சுவர் வழவழவென்று இருந்தால் வார்ப்பு பிடிக்கவில்லை என்று பொருள்.

முன்பு சரியாக இருந்தது, இப்போது தளர்வு. வெயிலில் நின்ற காருக்குள் விட்டீர்களா, வெந்நீரில் கழுவினீர்களா என்று கேளுங்கள். சூட்டில் வார்த்த பொருள் சூட்டிலேயே வடிவம் இழக்கும். ஒருமுறை மறுவார்ப்பு செய்து பாருங்கள். கடைவாய்ப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தாலோ, கடித்துத் துளை விழுந்திருந்தாலோ மறுவார்ப்பு வேண்டாம், மாற்றிவிடுங்கள். வளரும் வயதினருக்குத் தாடையும் பல்லும் மாறிக்கொண்டே இருக்கும். சீசன் தோறும் பொருத்தத்தைப் பாருங்கள்.

குமட்டுகிறது. பின்பக்கம் நீளம் அதிகம். கத்தரிக்கோலால் சிறிது சிறிதாக, இரு பக்கமும் சமமாக வெட்டுங்கள். முதல் கடைவாய்ப் பல்லைத் தாண்டி முன்னே வரக் கூடாது. வெட்டிய விளிம்பு கூராக நின்றால் வெந்நீரில் தோய்த்த கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து மழுக்கலாம்.

பல்லில் கம்பி கட்டியிருக்கிறார். சாதாரண வெந்நீர் வகையை வார்க்கவே வேண்டாம். இளகிய பொருள் கம்பியின் கொக்கிகளுக்குள் புகுந்து இறுகினால் கழற்றும்போது கம்பி பெயர்ந்து வரும். கம்பி கட்டியவர்களுக்கென்றே வார்க்கத் தேவையில்லாத சிலிகோன் வகை உண்டு. அதிலும் எது பொருந்தும் என்பதைக் கம்பி கட்டிய மருத்துவரிடமே கேளுங்கள்.

ஈறில் புண், கார்டில் கறுப்புப் புள்ளி அல்லது வாடை. ஈரத்தோடு மூடிய டப்பாவில் போட்டு வைத்ததன் விளைவு. குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, மென்மையான பிரஷ். பிறகு காற்றோட்டத் துளையுள்ள டப்பா. புள்ளி போகவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். விளிம்பு உரசும் இடத்தைச் சற்றுத் தேய்த்துவிட்ட பிறகும் இரண்டு வாரத்தில் புண் ஆறாவிட்டால் பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பல் மருத்துவரே அச்செடுத்துச் செய்து தரும் கார்டுதான் இதில் விலை கூடியது. மறுவார்ப்பு, வேறு அளவு இரண்டும் பலிக்காதவர்களும், முன்பே பல் உடைந்தவர்களும் தயங்காமல் அதற்குப் போகலாம்.

கார்டையும் மீறிப் பல் பிடுங்கி விழுந்துவிட்டது. நிரந்தரப் பல் என்றால் வெண்மையான மேல்பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ குளிர்ந்த நீரிலோ ஒரு கணம் அலசி, அதே குழியில் வைத்து, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரை அடைந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நேரம் கடக்கக் கடக்க அது குறையும். பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. உடைப்பெட்டியோடு ஒரு சிறிய பால் பாக்கெட்டும் திடலுக்கு வரட்டும்.

## தலைப்பட்டையின் நிறத்தில் குழப்பம்

வளையங்களைக் காக்கும் கீப்பருக்குப் பச்சை, கைப்பந்தை வளையத்தில் போடும் சேஸருக்கு வெள்ளை, டாட்ஜ்பாலை எறிந்து எதிராளியை அடிக்கும் பீட்டருக்குக் கறுப்பு, நடுநிலை வீரரின் வாலைப் பறிக்கும் சீக்கருக்கு மஞ்சள். யார் எந்தப் பந்தைத் தொடலாம் என்பது இந்தப் பட்டையை வைத்தே தெரிகிறது. பட்டையின் நிறம் மங்கினால் நடுவர் தடுமாறுவார். நம் பீட்டரே நம் சேஸரை எதிராளி என்று நினைத்து எறிந்த ஆட்டங்கள் உண்டு.

வெள்ளை, சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ ஆகிவிட்டது. மற்ற உடையோடு சேர்த்துத் துவைத்ததில் சாயம் ஏறியிருக்கிறது. உலர்த்தும் இயந்திரத்திலோ இஸ்திரியிலோ போடாதீர்கள், கறை நிலைத்துவிடும். ஈரமாக இருக்கும்போதே ஆக்சிஜன் வகை வெளுப்பான் கரைத்த நீரில் சில மணி நேரம் ஊற வையுங்கள். குளோரின் வெளுப்பான் வேண்டாம். பட்டையில் உள்ள ஸ்பான்டெக்ஸ் இழையை அது அரித்துவிடும். வெள்ளை திரும்பும், இழுவை போய்விடும்.

மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோல் தெரிகின்றன. பகலில் சரியாகத் தெரிந்து மாலையில் மட்டும் குழப்பம் என்றால் பட்டையில் குறை இல்லை, விளக்கில் இருக்கிறது. மஞ்சள் ஒளி விளக்குகளின் கீழ் வெள்ளைத் துணியும் மஞ்சளாகத்தான் தெரியும். வெளிர் மஞ்சளை விட்டு அடர்த்தியான மஞ்சளுக்கு மாறுங்கள். வாங்கும்போது அதே விளக்கின் கீழ், திடலின் குறுக்கே நின்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்; கடையில் கையருகே பார்ப்பது போதாது.

கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. சாயம் தோய்க்கலாம், ஆனால் பாலியஸ்டர் துணி சாதாரணச் சாயத்தை ஏற்காது. புதியது வாங்குவதே மலிவு.

பட்டை நழுவிக் கண்ணில் விழுகிறது. முதலில் முடியையும் எண்ணெயையும் பாருங்கள். எண்ணெய் தடவிய தலையில் எந்தப் பட்டையும் நிற்காது. அடுத்தது இழுவை: பட்டையை இரண்டு மடங்கு நீட்டி விடுங்கள். பழைய அளவுக்குத் திரும்பாமல் அலை அலையாக நின்றால் எலாஸ்டிக் முடிந்துவிட்டது. உட்புறத்தில் சிலிகோன் கோடு உள்ள பட்டை ஈரத் தலையிலும் பிடிக்கும். பின்னந்தலையில் முடிச்சுப் போட்டு இறுக்குவதை நான் அனுமதிப்பதில்லை. மல்லாக்க விழும்போது முதலில் தரையில் அழுந்துவது அந்த முடிச்சுதான்.

## கண்ணாடியில் ஆவி படிகிறது

நின்றால் படிகிறது, ஓடினால் போய்விடுகிறது. காற்றோட்டம் போதவில்லை. தலைப்பட்டை இறங்கி மேல் துளைகளை அடைத்திருக்கும்; பட்டையை நெற்றியில் ஏற்றுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

எப்போதும் படிகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. இரண்டு சொட்டு மிதமான திரவ சோப்பு, ஓடும் நீர், விரல் நுனி. பிறகு தானாக உலர விடுங்கள். ஜெர்சி ஓரத்தால் துடைப்பதை நிறுத்த வேண்டும். ஆவி தடுக்கும் பூச்சு உட்புறத்தில்தான் இருக்கிறது, மண் ஒட்டிய துணி அதைச் சுரண்டிவிடும். பூச்சு போய்விட்டது என்றால் ஆவி தடுக்கும் திரவம் தடவி ஆட்டத்துக்கு ஆட்டம் ஓட்டலாம். அதுவும் பாதியில் தோற்றால் புதிய லென்ஸ்.

திருகு அருகில் மெல்லிய விரிசல்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சட்டம் சேரும் இடத்தில் சிலந்தி வலைபோல் கீற்றுகள் தெரியும். ஒன்று தெரிந்தாலும் அந்தக் கண்ணாடி திடலுக்கு வரக் கூடாது. பாலிகார்பனேட்டைக் கெடுப்பது அடி மட்டும் இல்லை. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் கடுமையான கரைப்பான்களும் அதை உள்ளுக்குள் பலவீனப்படுத்தும். மாற்று வாங்கும்போது விளையாட்டுக் கண்காப்புக்கான ஏஎஸ்டிஎம் எஃப்803 என்ற தரக்குறி இருக்கிறதா, பெட்டியில் எந்த ஆட்டத்துக்கு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அன்றாடம் போடும் மூக்குக்கண்ணாடி காப்பு ஆகாது. டாட்ஜ்பால் முகத்தில் பட்டால் உடைந்த சட்டமே காயத்துக்குக் காரணமாகும்.

பந்து பட்ட பின் பார்வை மாறிவிட்டது. மின்னல்போல ஒளி, கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, ஓரத்தில் திரை விழுந்தது போன்ற மறைப்பு, இரட்டையாகத் தெரிவது, கருவிழிப் பகுதியில் இரத்தம்: எதுவானாலும் அன்றே, உடனே கண் மருத்துவமனை. கண்ணைத் தேய்க்கவோ அழுத்திக் கட்டவோ வேண்டாம்.

## ஜெர்சி தோளிலோ பக்கவாட்டிலோ கிழிகிறது

கையை வளைத்துப் பிடித்து இழுக்கும் ஆட்டத்தில் இது சகஜம். கிழிந்தது துணியா தையலா என்று முதலில் பாருங்கள்.

தையல் மட்டும் பிரிந்திருந்தால், அறுந்த நூலின் முனையைப் பாருங்கள். நூல் பல இடங்களில் துண்டு துண்டாக அறுந்திருந்தால், இழுபடும் துணியில் நேர்த்தையல் போட்டிருக்கிறார்கள். துணி நீள்கிறது, நூல் நீள்வதில்லை. அதனால் நூல் தெறிக்கிறது. வீட்டு இயந்திரத்தில் குறுகிய ஜிக்ஜாக் தையலும் பாலியஸ்டர் நூலும் போதும். பருத்தி நூல் வேண்டாம். கையால் தைப்பதானால் பின்தையல் போடுங்கள், நூலை இறுக்கி இழுக்காதீர்கள். அணியின் எல்லா ஜெர்சியும் ஒரே இடத்தில் பிரிகிறது என்றால் ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டிருக்காமல், ஓவர்லாக் இயந்திரம் வைத்திருக்கும் தையற்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள்.

துணியே கிழிந்திருந்தால் தொளதொள ஜெர்சியா என்று பாருங்கள். உடம்போடு ஒட்டிய அளவில் பிடிபட எதுவும் இல்லாததால் கிழிவது வெகுவாகக் குறையும். உள்பக்கம் அதே வகைத் துணியில் ஒட்டுப் போட்டால் பயிற்சிக்கு ஆகும்.

## எண் உரிகிறது

ஓரத்தில் மட்டும் தூக்கியிருந்தால் காப்பாற்றலாம். ஜெர்சியைத் துவைத்துக் காயவைத்து, எண்ணின் மேல் பேக்கிங் தாள் வைத்து, நீராவி இல்லாமல் இஸ்திரியை அழுத்திப் பிடியுங்கள்; தேய்க்கக் கூடாது. வினைல் எண்கள் பலவற்றுக்கு 150 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு தேவை. பாலியஸ்டர் அதற்குச் சற்று மேலே போனாலே பளபளப்பாகக் கருகும், அடியில் உள்ள சாயம் எழும்பி வெள்ளை எண்ணில் ஏறும். ஆகவே உள்மடிப்பில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கத் துவைக்க வேண்டாம்.

எண் நடுவில் வெடித்துப் பொடிகிறது என்றால் ஒட்ட வைப்பது வீண். அச்சுக் கடையில் பழையதை நீக்கிப் புதியது போடச் சொல்லுங்கள். மொத்தமாகப் புதிய உடை எடுக்கும் நிலை வந்தால், துணியோடு கலந்த சாய அச்சில் எண் போடச் சொல்லுங்கள். அதில் உரிய எதுவும் இல்லை.

துவைப்பது: உள்வெளியாகத் திருப்பி, குளிர்ந்த நீரில். துணி மென்மையாக்கி வேண்டாம்.

## துவைத்த பிறகும் நாற்றம்

போட்டதும் வாடை இல்லை, வியர்த்ததும் வருகிறது என்றால் பாலியஸ்டர் இழையில் உடல் எண்ணெய் தங்கியிருக்கிறது. சோப்புத் தூளைக் கூட்டினால் எச்சம் சேர்ந்து இன்னும் மோசமாகும். முதலில் பையைக் கவனியுங்கள்: ஆட்டம் முடிந்த அன்றே உடை பையை விட்டு வெளியே வருகிறதா? வந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, துவைக்கும் முன் சோப்புக் கரைசலில் அரை மணி நேரம் ஊறல். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பக்கெட் நீரில் ஒரு கோப்பை வெள்ளை வினிகர் கலந்து தனியாக ஊற வைத்து, நன்றாக அலசிவிட்டுத் துவையுங்கள். வினிகரையும் குளோரின் வெளுப்பானையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் வாயு நச்சு.

காப்புகளின் நுரை நாறினால் கையால் கழுவி, பிழியாமல் துண்டில் அழுத்தி, காற்றில் உலர்த்துங்கள். உச்சி வெயில் நுரையைப் பொடியாக்கும். மறுநாளும் உள்ளே ஈரம் இருந்தால் அதை மாட்டி அனுப்பாதீர்கள்.

## காப்பின் அடியில் அரிப்பு, தடிப்பு, கொப்புளம்

பட்டை உரசும் கோட்டில் மட்டும் சிவந்திருந்தால் உராய்வு. அடியில் மெல்லிய சாக்ஸ் அல்லது ஸ்லீவ் போட்டால் சரியாகிவிடும். வளையமாகப் பரவும் செதில், தேன் நிறப் பொருக்கு, சீழ், தொட்டால் சூடாக வலிக்கும் வீக்கம் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். அவரை ஆட்டத்திலிருந்து நிறுத்தித் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். உடலோடு உடல் உரசும் ஆட்டம் இது, ஒருவருக்கு வந்தால் அணிக்கே வரும். காப்பையும் துண்டையும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கத்தை முழுவதுமாக விடுங்கள். நட்பின் பேரில் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

## ஷின் காப்பு இறங்குகிறது, முழங்கால் காப்பு திரும்புகிறது

இடது வலது மாறியிருக்கிறதா? பலர் கவனிப்பதில்லை. பிறகு அளவு: ஷின் காப்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கிக் கணுக்காலுக்குச் சற்று மேலே முடிய வேண்டும். அளவு சரியென்றால் பட்டையைக் கெண்டைச் சதையின் தடித்த பகுதிக்கு மேலே கட்டுங்கள். அந்தப் பகுதிக்குக் கீழே கட்டியது ஓட ஓட இறங்கும். காலில் ஒட்டி நிற்கும் ஸ்லீவ் அடுத்த வழி.

நுரையில் கட்டை விரலை அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் அது இனி அடியை வாங்காது, மாற்றுங்கள். கடினமான ஓடு வெடித்திருந்தால் ஒட்டி ஓட்ட வேண்டாம். கூர் விளிம்பு எதிராளியைக் கிழிக்கும்.

## மென்மையான தலைக்காப்பு நகர்கிறது

தாடைப் பட்டையில் இரண்டு விரல் நுழையும் இறுக்கம், காது திறப்பு காதின் நேரே. இவ்வளவுதான் சரிசெய்ய வேண்டியது. ஆனால் அதை மாட்டியவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: அது சிராய்ப்பையும் வெட்டையும் குறைக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. மவுத் கார்டும் அப்படியே. அது பல்லுக்கும் உதட்டுக்கும்தான். தலையில் அடிபட்டு ஒருவர் தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, தலைவலி என்றாலோ அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. மறுபடி எப்போது ஆடலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் மரத்துப்போவது என்றால் ஆம்புலன்ஸ்.

## கையுறையில் பிடி இல்லை

உள்ளங்கையை மிதமான சோப்பில் கழுவிக் காயவையுங்கள். பெரும்பாலும் மண்படலம்தான் காரணம். சிலிகோன் புள்ளிகள் தேய்ந்து வழவழப்பானால் மாற்றுங்கள்.

## கம்பின் முனை பிளக்கிறது

பிவிசி குழாய் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மை அடைகிறது, குளிரிலும் அப்படியே. முனையில் மட்டும் சிராம்பு இருந்தால் அந்த அளவுக்கு அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, மூடியைப் பொருத்தி டேப் சுற்றுங்கள். நீளத்தை நடுவர் ஏற்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வளைத்துப் பார்க்கும்போது வெண்கோடு தோன்றினால் அந்தக் கம்புக்கு டேப் மருந்தாகாது. உடையும்போது கத்திபோல் உடையும், அதுவும் தொடைகளுக்கு இடையில்.

## வால் தானாக விழுகிறது, அல்லது பிய்க்க முடியவில்லை

மஞ்சள் உடையில் ஓடும் நடுநிலை வீரரின் அரைக்கால்சட்டையில் சாக்ஸில் போட்ட டென்னிஸ் பந்து வெல்க்ரோவால் தொங்குகிறது. இதுதான் வால். சீக்கர் அதைப் பறித்தால் அவர் அணிக்குப் புள்ளி. தானாக விழுந்தால் வீண் தகராறு.

விழுகிறது. கொக்கிப் பக்கத்தில் நூலும் முடியும் அடைத்திருக்கும். ஊசி முனையால் வரிசை வரிசையாகக் கிளறி எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கவும். கொக்கி சுத்தமாகியும் பிடிக்காவிட்டால் எதிர்ப்பக்கத்து மென்மையான வளையங்கள் பஞ்சாகிப் போயிருக்கும். முதலில் தேய்வது அந்தப் பக்கம்தான். அதை மட்டும் பிரித்துப் புதியது தையுங்கள். ஒட்டும் வகை வெல்க்ரோ வியர்வையில் உரிந்துவிடும்.

பிய்த்தால் கால்சட்டையே இறங்குகிறது. வெல்க்ரோ தேவைக்கு மேல் அகலம். இடுப்பு நாடாவை இறுக்கிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் வெல்க்ரோவின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு சீக்கரை வேகமாக ஓடவிட்டுப் பறிக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் இழுத்துப் பார்க்கும் சோதனை ஏமாற்றும். துவைக்கும்போது இரு பக்கமும் ஒட்டிய நிலையில் போடுங்கள். திறந்து கிடந்த கொக்கி மற்ற ஜெர்சிகளின் இழைகளையெல்லாம் இழுத்துவிடும்.